எல்லோரும் ஒன்று என்று சொல்லாத கவிதைகள்

ஊரே துக்கத்தில் இருக்கும்போது கவிதையோடு வந்து நிற்பவரைப் பார்த்தால் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும். அங்கே ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள், இவருக்கு எதுகை மோனை கேட்கிறதா என்று தோன்றும். அதே வாரத்தில் இன்னொன்றும் நடக்கும். கவிதைப் புத்தகத்தைக் கையால் தொடாதவர்கள்கூட எங்கிருந்தோ நாலு வரியைத் தேடிப் பிடித்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். எரிச்சலும் நியாயம், தேடலும் நியாயம். இரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசிப் பார்க்கலாம். டீயை ஆற்றிக் குடியுங்கள், அவசரமில்லை.

2001 செப்டம்பர் 11-ஐ எடுத்துக்கொள்வோம். கடத்தப்பட்ட நாலு விமானங்கள், நியூயார்க்கில் சரிந்த இரண்டு கோபுரங்கள், 2,977 உயிர்கள். அதற்கடுத்த நாட்களில் அமெரிக்கர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட கவிதைகளில் இரண்டு முக்கியமானவை. வேடிக்கை என்னவென்றால், இரண்டுமே அந்தத் துயரத்துக்காக எழுதியவை இல்லை.

ஒன்று, டபிள்யூ.எச். ஆடன் எழுதிய ‘1939 செப்டம்பர் 1’. ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்த நாள் அது. நியூயார்க் மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் பேசுகிற மாதிரி அமைந்த கவிதை. இன்னொன்று அந்தப் போலந்திலிருந்தே வந்தது. ஆடம் ஜகயெவ்ஸ்கியின் அந்தக் கவிதையை ‘நியூயார்க்கர்’ பத்திரிகை தன் செப்டம்பர் 24 இதழின் கடைசிப் பக்கத்தில் போட்டது. தாக்குதலுக்கு முன்பே எழுதி முடிக்கப்பட்ட கவிதை. காயம்பட்ட உலகத்தைப் புகழ முயன்று பார் என்று அது கேட்டதை, நியூயார்க்வாசிகள் தங்களிடம் சொன்னதாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஒரு துயரத்தில் எழுதிய கவிதை இன்னொரு துயரத்துக்குக் கைமாற்றாகப் போகும். மனிதர்களுக்குள் இருக்கும் பிணைப்பைப் பற்றித்தான் நாம் பேச வந்தோம், அதற்கு முதல் சாட்சி இது.

ஆனால் ஆடன் விஷயத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்தக் கவிதையில் எல்லோருக்கும் மிகப் பிடித்த இடம், மனிதர்கள் ஒருவரையொருவர் நேசிப்பதா சாவதா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் இடம். ஆடனுக்கே பின்னாளில் அந்த இடம் பிடிக்கவில்லை. நேசித்தாலும் சாகத்தானே போகிறோம், பிறகு ஏன் இந்தப் பொய் என்று நினைத்தார். திருத்திப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை. கடைசியில் கவிதையையே தன் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார். உலகம் அதை விடவில்லை என்பது வேறு கதை.

ஆடனை உறுத்தியது எது? எல்லோரும் ஒன்று, எல்லோரும் சொந்தம் என்கிற பேச்சு துக்க வீட்டில் மிகச் சுலபமாக வந்துவிடும். கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் வீட்டில் கரண்ட் போனால் வருகிற எலக்ட்ரீஷியன், ‘எல்லா ஒயரும் ஒன்றோடொன்று இணைந்தவை’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் நாம் விடுவோமா? எந்த சுவிட்சிலிருந்து எந்த விளக்குக்கு எந்த ஒயர் போகிறது, எங்கே கருகியிருக்கிறது என்று அவர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். பெருந்துயரத்துக்குப் பிறகு எழுதப்பட்ட நல்ல கவிதைகள் செய்வதும் இதைத்தான். பிணைப்பை அறிவிப்பதோடு அவை நிற்பதில்லை, அது ஓடும் தடத்தைத் தேடிக் காட்டுகின்றன. வேலை, காற்று, பழி என்று மூன்று தடங்களைப் பார்க்கலாம்.

வேலையிலிருந்து தொடங்குவோம். வடக்குக் கோபுரத்தின் 106, 107ஆம் தளங்களில் ‘விண்டோஸ் ஆன் தி வேர்ல்டு’ என்ற உணவகம் இருந்தது. பெயருக்கேற்றபடி கண்ணாடிச் சன்னல்களும் பெரிய இடத்து வாடிக்கையாளர்களும். அன்று காலை 8.46 மணிக்கு விமானம் மோதியது 93-லிருந்து 99 வரையிலான தளங்களில். அதற்கு மேலே இருந்தவர்களுக்கு இறங்க வழியே இல்லாமல் போனது. உணவக ஊழியர்களில் மட்டும் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 43 பேர் ஓட்டல் தொழிலாளர் சங்கத்தின் 100ஆம் கிளை உறுப்பினர்கள். மார்ட்டின் எஸ்பாடா தன் ‘அலபான்சா’ கவிதையைச் சமர்ப்பித்திருப்பது அந்த 43 பேருக்கு.

எஸ்பாடா புரூக்ளினில் பிறந்த போர்ட்டோ ரிக்கோ வம்சாவளிக்காரர். வீட்டைக் காலி செய்யச் சொல்லி விரட்டப்படும் ஏழைக் குடித்தனக்காரர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர். தலைப்பாக அவர் வைத்த ஸ்பானியச் சொல்லுக்குத் துதி, போற்றி என்று பொருள். கோயிலில் சாமிக்குச் சொல்கிற போற்றியை இவர் சமையற்கட்டுக்குச் சொல்கிறார்.

அந்தக் கவிதைக்குள் நுழைந்தால் முதலில் நிற்பவர் ஒரு சமையல்காரர். மழித்த தலை, தோளில் குத்திய பச்சை, போர்ட்டோ ரிக்கோவின் ஃபஹார்தோ என்கிற துறைமுக ஊரில் சொந்தங்கள் உள்ளவர். அடுப்பைத் திருகுவதற்கு முன்னால் ரேடியோவைத் திருகுகிற ஆள்கள் அங்கே வேலை செய்கிறார்கள். நீல நிறத்தில் எரியும் கேஸ், புகையை வெளியே தள்ளும் விசிறி, விரலால் முட்டை உடைக்கிற வேகம், தொட்டியில் விழும் பாத்திரங்களின் ஓசை என்று காலை வேலை ஒவ்வொன்றாக வருகிறது. ஈக்வடார், மெக்சிகோ, ஹைத்தி, ஏமன், கானா, பங்களாதேஷ் என்று அவர்கள் கிளம்பி வந்த நாடுகளின் பெயர்கள் வருகின்றன. விமானம் அநேகமாக வரவே இல்லை. இடியைப்போல ஏதோ நடந்ததாகச் சொல்லிவிட்டுக் கவிதை மறுபடி மனிதர்களிடம் போய்விடுகிறது.

அதில் ஒருவரிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். பாத்திரம் கழுவுகிறவர். அன்று அவர் ஏன் வேலையில் இருந்தார் என்பதற்குக் கவிதை இரண்டு காரணங்களைச் சொல்கிறது. இருமல் நிற்காமல் படுத்துவிட்ட இன்னொருவருக்குப் பதிலாக வந்திருக்கலாம். அல்லது ஓவர்டைம் காசு தேவைப்பட்டு வந்திருக்கலாம், கடலுக்கு அப்பால் ஒரு குடும்பம் அந்தக் காசை நம்பியிருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். முதல் காரணம் உண்மையென்றால், எங்கோ ஒரு வீட்டில் இருமிக்கொண்டு படுத்திருந்தவர் பிழைத்தார், அவர் இடத்தில் நின்றவர் போனார். இரண்டாவது உண்மையென்றால், நியூயார்க்கில் விழுந்த கோபுரம் கரீபியத் தீவொன்றில் ஒரு வீட்டு அரிசி மூட்டையின் மேலும் விழுந்தது. ஷிஃப்ட் மாற்றிக்கொள்வது, ஊருக்குப் பணம் அனுப்புவது: பிணைப்பு என்கிற பெரிய விஷயம் அந்தச் சமையற்கட்டில் ஓடிய ஒயர்கள் இவைதான். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்தத் தெருவுக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பட்டியலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. செத்தவர்களைக் கணக்கெடுக்கும்போதுகூட மேல்தட்டும் கீழ்த்தட்டும் கலைவதில்லை. உரிய ஆவணங்கள் இல்லாமல் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், எங்கள் ஆள் அங்கேதான் இருந்தார் என்று வாய் திறக்கவே பயந்தன. தேசத்தின் துக்கம் என்று எல்லோரையும் ஒரே கொடிக்குக் கீழே சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கொடிக்குச் சொந்தமில்லாதவர்களும் செத்தார்கள் என்று ஒரு தொழிற்சங்கக் கிளையின் எண்ணைப் பிடித்துக்கொண்டு சொன்னது ‘அலபான்சா’.

எஸ்பாடா அங்கேயும் நிற்கவில்லை. அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தான்மேல் அமெரிக்கா குண்டு வீசத் தொடங்கியது. கவிதையின் முடிவில் மன்ஹாட்டன் புகையும் காபூல் புகையும் வானத்தில் சந்தித்துப் பேசிக்கொள்கின்றன. ஒன்று ஆப்கன் மொழிக்காரர்களின் புகை, மற்றது ஸ்பானிய மொழிக்காரர்களின் புகை. பேச்சு பாட்டையும் ஆட்டத்தையும் பற்றியது. எதிரி என்று அறிவிக்கப்பட்ட ஊரின் சாமானியரும் இந்தச் சமையற்கட்டு ஆளும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவர்கள் என்று கவிஞர் வாதம் செய்யவில்லை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார், அவ்வளவுதான். அந்த நாட்களின் அமெரிக்காவில் அதற்கே துணிச்சல் வேண்டும்.

இரண்டாவது தடம் காற்று. இதைப் பிடித்தவர் கவிஞர் ஜூலியானா ஸ்பார்.  எங்கோ தள்ளி இருக்கிற ஒருவருக்கு அந்தத் துயரத்தோடு என்ன சம்பந்தம்? 2005-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே நுரையீரல் உள்ள எல்லோரையும் இணைக்கிற ஒன்றைப் பற்றியது. அதன் முதல் கவிதையை அவர் எப்படிக் கட்டியிருக்கிறார் என்று சொல்கிறேன், கவனியுங்கள்.

உடம்புக்குள் இருக்கும் செல்களில் கவிதை தொடங்குகிறது. அடுத்து கைகளுக்கு நடுவே இருக்கும் இடம். பிறகு கைகளைச் சுற்றி இருக்கும் இடம். பிறகு அந்தக் கைகள் இருக்கும் அறை. பிறகு கட்டடம், அக்கம்பக்கம், நகரம், வட்டாரம், நாடு, கண்டம், கடல். அதற்கும் மேலே வளிமண்டலத்தின் அடுக்குகள் ஒவ்வொன்றாக. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது முன்னால் சொன்ன எல்லாவற்றையும் மறுபடி ஒப்பிக்கிறார். வாக்கியம் நீண்டுகொண்டே போகிறது. வாய்விட்டுப் படித்தால் மூச்சு முட்டும். அதுதான் அவர் திட்டம். உச்சிக்குப் போன பிறகு அதே படிகளில் இறங்கி மறுபடி நுரையீரலுக்குள் வருகிறார். காற்று அத்தனை இடங்களுக்கும் உள்ளே போய் வெளியே வருகிறது. எல்லோரையும் தொட்டு வருகிறது.

இதுவரைக்கும் அழகு. இப்போதுதான் கொக்கி. அந்தக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று முடிவில் சொல்கிறார்: கந்தகம், டைட்டேனியம், நிக்கல், பொடிந்த கண்ணாடியும் கான்கிரீட்டும் விட்ட நுண்துகள். கோபுரம் விழுந்து எழுந்த தூசி. நம்மை இணைப்பதும் கொல்வதும் ஒரே மூச்சு என்கிற இடத்தில் கவிதை முடிகிறது.

இதைக் கற்பனை என்று தள்ள முடியாது. இடிபாட்டுக் குவியலில் தீ டிசம்பர் வரைக்கும் கனன்றுகொண்டிருந்தது. செப்டம்பர் 18 அன்றே, காற்று சுவாசிக்கப் பாதுகாப்பானது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லிவிட்டது. அப்படிச் சொல்லப் போதுமான தரவு அப்போது அவர்களிடம் இல்லை என்று அதே முகமையின் தணிக்கை அதிகாரி 2003-ல் அறிக்கை கொடுத்தார். மீட்புப் பணியில் இருந்தவர்களும் இடிபாடு அள்ளியவர்களும் ஆண்டுக்கணக்கில் இருமினார்கள். அவர்களுடைய சிகிச்சைக்கான சட்டம் கையெழுத்தானது 2011 ஜனவரியில். ஆக, தூசியை நேரடியாகப் பெயர் சொல்லிக் கவிதையில் வைத்தது அலங்காரத்துக்கு இல்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். காற்று பொதுவானதுதான். ஆனால் எல்லோர் நுரையீரலும் ஒரே அளவு தூசியை வாங்கியதா? இடிபாட்டின்மேல் நின்று அள்ளியவரும் உட்கார்ந்து கவிதை எழுதியவரும் ஒன்றா? இல்லைதான். ஸ்பாருக்கும் அது தெரிந்திருந்தது என்பதற்கு புத்தகத்தின் இரண்டாம் பாதியே சாட்சி. 2002 நவம்பர் 30 முதல் 2003 மார்ச் 27 வரை, அதாவது இராக் போர் நெருங்கி வெடித்த மாதங்களில், ஹவாய்த் தீவுக்கூட்டத்தில், ஹொனலூலுவில் இருந்தபடி தேதி போட்டு எழுதிய பகுதி அது. படுக்கையில் அன்புக்குரியவர்களோடு இருக்கும்போதே அன்றைய செய்திகள் உள்ளே வந்துவிடுகின்றன. சாவு எண்ணிக்கையும் சினிமா நட்சத்திரங்களின் வம்பும் போர்க்கப்பல்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவர் தூங்கும் ஊரை ஒட்டியே பேர்ல் துறைமுகம். பசிபிக் முழுவதுக்குமான அமெரிக்கப் படைத் தலைமையகமும் அதே தீவில். தூரத்தில் இருக்கிறேன், எனக்கு இதில் பங்கில்லை என்று அவரால் சொல்ல முடியவில்லை. வரி கட்டுகிற ஊரிலிருந்துதான் கப்பல் கிளம்புகிறது. காற்றின் வழியாகத் தொடங்கிய பிணைப்பு இங்கே வேறொன்றாக மாறுகிறது: அடிபட்டவரோடு மட்டுமில்லை, அடிக்கிற கையோடும் நாம் சேர்ந்திருக்கிறோம்.

அதே பேர்ல் துறைமுகம், முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், கடலின் மறுகரையில் எழுதப்பட்ட ஒரு கவிதையிலும் வருகிறது. மூன்றாவது தடமான பழியை அங்கேதான் பிடிக்க வேண்டும்.

குரிஹாரா சடாகோ ஹிரோஷிமாவில் பிறந்தவர். காகிதக் கொக்கு செய்த சிறுமி சடாகோவை நமக்குத் தெரியும், இவர் வேறு. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15-க்கு அணுகுண்டு விழுந்தபோது மையத்திலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் தன் வீட்டில் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த நகரத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். குண்டு விழுந்த சில வாரங்களுக்குள், கேள்விப்பட்ட ஒரு சம்பவத்தை வைத்துக் கவிதை எழுதினார். இடிந்த கட்டடத்தின் நிலவறை. மெழுகுவத்திகூட இல்லை. காயம்பட்டவர்கள் குவியலாகக் கிடக்கிறார்கள். இருட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. அதுவரை முனகிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், நான் மருத்துவச்சி, நான் பார்க்கிறேன் என்கிறார். குழந்தை பிறக்கிறது, விடிவதற்குள் மருத்துவச்சி இறக்கிறார். நிஜத்தில் அவர் பிழைத்துக்கொண்டார், குழந்தையும் வளர்ந்து ஆளானது. ஆனால் அந்த நாட்களில் ஓர் உயிருக்கு இன்னோர் உயிர் விலை என்றுதான் குரிஹாராவால் பார்க்க முடிந்தது. 1946 மார்ச்சில் அவரும் கணவரும் நடத்திய பத்திரிகையில் அது வெளியானது. அதே ஆண்டு வந்த அவருடைய தொகுப்பில் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் தணிக்கை கை வைத்தது. முழுத் தொகுப்பு 1983-ல்தான் வெளியானது.

அந்த முதல் கவிதை உலகம் முழுக்கப் போனது. பாதிக்கப்பட்டவர்களுக்குள் ஒருவருக்கொருவர் தாங்கலாக இருப்பது எல்லோரையும் உருக்கும். குரிஹாரா அதோடு திருப்திப்பட்டு உட்காரவில்லை. 1972-ல், பக்கத்தில் வியட்நாம் எரிந்துகொண்டிருக்க, ஜப்பானில் அமெரிக்கத் தளங்கள் நின்றுகொண்டிருக்க, இன்னொரு கவிதை எழுதினார். ஹிரோஷிமா என்று நாங்கள் சொன்னால் மற்றவர்கள் பரிவோடு திரும்பிப் பார்ப்பார்களா என்பது அதன் கேள்வி. பதிலாக வருபவை ஜப்பான் தாக்கிய ஊர்களின் பெயர்கள். பேர்ல் துறைமுகம். 1937-ல் ஜப்பானியப் படை சூறையாடிய நான்ஜிங். 1945-ல் பெண்களும் குழந்தைகளும் கொளுத்தப்பட்ட மணிலா. அந்தப் பரிவு கிடைக்க வேண்டுமானால் முதலில் நம் கையைக் கழுவ வேண்டும் என்று சொந்த நாட்டைப் பார்த்துச் சொல்கிறார்.

குண்டு விழுந்த ஊர்க்காரர் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்கள். அடிபட்டவரிடம் போய் உன் பங்கும் உண்டு என்று வெளியாள் சொன்னால் அது கொடுமை. அடிபட்டவரே சொன்னால்தான் அதற்கு மரியாதை. அவர் சொன்னதில் மிகையும் இல்லை. கட்டாய வேலைக்கும் பிழைப்புக்கும் அந்த நகரத்துக்கு வந்து குண்டுக்குப் பலியான கொரியர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களுக்கு 1970-ல் எழுப்பிய நினைவுத்தூண் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவுக்கு வெளியே நின்றது. உள்ளே இடம் கிடைத்தது 1999-ல். ஒரே குண்டு, ஒரே நொடி, ஆனாலும் நினைவுகூர்வதில் 29 ஆண்டு மதில்.

தமிழிலும் இந்த மூன்றாவது தடத்தில் நடந்த கவிதை ஒன்று உண்டு. 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் கொளுத்தப்பட்டது. சுமார் 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகள் உட்பட, போயின. எரிந்தது தமிழரின் நூலகம், எரித்தது அரசின் ஆட்கள் என்று எழுதினாலே அது உண்மைதான். எம்.ஏ. நுஃமான், கிழக்கிலங்கை முஸ்லிம் கவிஞர், ‘புத்தரின் படுகொலை’ என்று எழுதினார். கனவில் நூலகப் படிக்கட்டருகே சுடப்பட்டுக் கிடப்பவர் புத்தர். சுட்டவர்கள் அவரைக் கும்பிடுகிறவர்களின் காவலர்கள். இரவோடு இரவாகப் பிணத்தை மறைக்க வேண்டியிருக்கிறது, புத்தகங்களைக் குவித்து எரிக்கிறார்கள், சாம்பலானவற்றில் பௌத்த நூல்களும் இருக்கின்றன. அடுத்தவன் வீட்டுக்கு வைத்த தீயில் தன் வீட்டுச் சாமியும் வெந்தது என்று கொளுத்தியவருக்கே அவர் கணக்குக் காட்டினார். சமாதானம் பேசவில்லை, மன்னிப்பும் கொடுக்கவில்லை. உன்னையும் என்னையும் கட்டியிருந்த கயிறு எது என்பதை, அது அறுந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.

இத்தனைக்கும் பிறகு, துக்க காலத்தில் நமக்கு வரும் கவிதைகளை எப்படி எடைபோடுவது? படித்ததும் கண் கலங்கியதா என்பது நல்ல அளவுகோல் ஆகாது. அந்த நேரத்தில் விளம்பரம் பார்த்தால்கூடக் கண் கலங்கும். இரண்டு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். மனிதர்கள் பிணைந்திருக்கிறார்கள் என்று இந்தக் கவிதை சொன்னால், எதன் வழியாக என்று காட்டுகிறதா? பாத்திரம் கழுவும் தொட்டியோ நிக்கல் துகளோ துறைமுகமோ, கையால் தொடக்கூடிய ஒன்று உள்ளே இருக்க வேண்டும். அடுத்தது, சேர்த்துக்கொள்ளச் சிரமமான யாரையாவது அது உள்ளே விடுகிறதா? ஆவணமில்லாத தொழிலாளி, காபூல்காரர், கொரியர், தீ வைத்தவர். நமக்குப் பிடித்தவர்களை மட்டும் அணைத்துக்கொள்ள நமக்குக் கவிதை தேவையில்லை.

தொடக்கத்தில் சொன்ன எரிச்சலுக்கும் இதில் பதில் இருக்கிறது. அவசரமாக வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிற கவிதைமேல் எரிச்சல் வருவது சரியே. மூன்று தடங்களிலும் நாம் பார்த்த கவிதைகள் எவையும் ஆறுதல் சொல்ல வந்தவை இல்லை. காணாமல் போன பெயர்களைத் தேடி, காற்றைச் சோதித்து, பழைய கணக்கைப் புரட்டி, துயரம் எங்கிருந்து எங்கே ஓடியது என்று விசாரித்தவை. விசாரணைக் கமிஷன்கள் தங்கள் அறிக்கையைக் கொடுத்துவிட்டுக் கலைந்துபோகும். இந்த விசாரணையை, படிக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரில் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கிறது.